ஒரு டீசல் பிளாக் எத்தனை குதிரைத்திறன் தாங்கும்? கோத்தகிரி தம்பியின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என் மனதைவிட்டுப் போகவில்லை. கோத்தகிரியிலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். "அண்ணா, அமெரிக்காவில் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினை 1000 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றி ஓட்டுகிறார்கள். எங்கள் மாமாவின் டாடா லாரியிலும் 5.9 கம்மின்ஸ்தான். அந்த பிளாக் எவ்வளவு வரை தாங்கும், எங்கே உடையும்?"

எவ்வளவு நல்ல கேள்வி! பிளாக் என்றால் சிலிண்டர்கள் அமைந்திருக்கும் எஞ்சினின் இரும்பு உடல். ஆமாம் தம்பி, இரண்டும் ஒரே குடும்பம்தான். 1993-இல் தொடங்கிய டாடா கம்மின்ஸ், ஜாம்ஷெட்பூரில் செய்தது அந்த பி வரிசை எஞ்சினைத்தான். 1989-இல் டாட்ஜில் வந்தபோது அதற்கு வெறும் 160 குதிரைத்திறன். ஆறு சிலிண்டர், 102 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). லைனர் என்ற தனி உள்குழாய் கிடையாது, பிஸ்டன் பிளாக்கின் இரும்பிலேயே ஓடும்.

எண் வேண்டுமென்றால், கம்பெனி பிளாக்கை வைத்தே, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் போல்ட்டுக்குப் பதில் உறுதியான ஸ்டட் (திருகுக் கம்பி) போட்டு, 1000-ஐத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த எண்ணை நம்பி உன் மாமா லாரியில் எதையும் செய்ய முடியாது. ஏனென்றால் குதிரைத்திறன் என்ற ஒன்றையே பிளாக் அறியாது. அதற்குத் தெரிந்தது இழுப்பு மட்டும்தான்.

ஹெட் போல்ட் பற்றிப் பேசியபோது நான் ஒரு கயிறு காட்டினேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். இன்னொரு தடவை சொல்கிறேன். சிலிண்டருக்குள் எரியும் வாயு பிஸ்டனை மட்டும் தள்ளுவதில்லை, அதே பலத்தோடு ஹெட்டை மேலேயும் தள்ளுகிறது. ஹெட் போல்ட்டுகள் பிளாக்கின் மேல்முனையைப் பிடித்து மேலே இழுக்கின்றன. பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் வழியாகப் போன பலம், கிராங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் மெயின் கேப்பைக் கீழே இழுக்கிறது. பொங்கலுக்கு ஊரில் கயிறு இழுக்கும் போட்டி நடக்குமே, மேலே ஓர் அணி, கீழே ஓர் அணி. பிளாக்தான் அந்தக் கயிறு.

எவ்வளவு இழுப்பு? 102 மில்லிமீட்டர் போருக்கு பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 82 சதுர சென்டிமீட்டர். உள்ளே 150 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்றால் சுமார் 12.5 டன். 200 பார் என்றால் 16.5 டன்னுக்கு மேல். காரட் ஏற்றிய ஒரு லாரியின் மொத்த எடை ஒரே சிலிண்டரில், நொடிக்குப் பல தடவை.

இரும்பு தாங்காதா என்று கேட்கலாம். நசுக்கினால் தாங்கும், இழுத்தால்தான் தாங்காது. கருங்கல் தூணை நிறுத்தி அதன்மேல் மண்டபமே கட்டலாம். அதே தூணைப் படுக்கவைத்து, இரு முனைக்கும் முட்டுக் கொடுத்து, நடுவில் பாரம் ஏற்றினால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். வார்ப்பிரும்பும் அப்படித்தான். அதற்குள் கிராஃபைட் இலை இலையாகக் கிடக்கிறது. இழுக்கும்போது ஒவ்வோர் இலையின் கூர்முனையும் விரிசலுக்கு ஒரு தொடக்கம். அந்த கிராஃபைட்டைப் புழுப் போல உருண்ட முனையோடு அமையும்படி வார்த்தால் இழுப்பு தாங்கும் திறன் வெகுவாகக் கூடுகிறது. 2019-இல் ராம் பிக்கப்பின் 6.7 லிட்டர் கம்மின்ஸுக்கு அந்த வகை இரும்பில்தான் பிளாக் வந்தது, 400 குதிரைத்திறனோடு.

சரி, குதிரைத்திறன் எங்கே வருகிறது? அது ஒவ்வொரு தள்ளின் பலத்தையும் சுற்றையும் பெருக்கி வருவது. 600 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 3200 சுற்றில் எடுப்பதும் 1600 சுற்றில் எடுப்பதும் காகிதத்தில் ஒன்று. ஆனால் 1600-இல் ஒவ்வொரு தள்ளும் இரண்டு மடங்கு இருந்தாக வேண்டும். அதோடு டீசல் பாயும் நேரமான டைமிங்கையும் முன்னால் தள்ளி வைத்துவிட்டால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போதே அழுத்தம் எகிறும்.

இதை நான் கண்ணால் பார்த்தது 19 வயதில், மேட்டுப்பாளையம் ஒர்க்ஷாப்பில் கைப்பிள்ளையாக இருந்தபோது. ஊட்டியிலிருந்து காரட் இறக்கிவிட்டு சரக்கோடு மேலே திரும்பும் லாரி ஒன்று. யாரிடமோ கொடுத்து பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்திருந்தார்கள். அதன் டிரைவருக்கு மலையடிவாரக் கல்லாறிலிருந்து கியர் இறக்காமல் ஏறுவதில் பெருமை. மூன்றே வாரத்தில் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய் வந்து நின்றது. பிரித்துப் பார்த்தால் கிராங்க் சுற்றும் மெயின் பேரிங் ஷெல்லில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. எல்லாம் மாற்றிக் கொடுத்தோம். பம்ப்பை ஓனர் குறைக்கவிடவில்லை. ஆனால் டிரைவரை மாற்றினார். வந்தவர் வயதானவர், கொண்டை ஊசிக்கு முன்பே கியரை இறக்கி எஞ்சினைச் சுற்றவிட்டு ஏறுவார். அதே பம்ப், அதே மலை. நான் அங்கிருந்த நான்கு வருடமும் அந்த ஹெட்டைத் திறக்க வேண்டி வரவில்லை. குதிரைத்திறன் மாறவில்லை தம்பி, ஒவ்வொரு தள்ளுக்கும் பிளாக் வாங்கிய இழுப்புதான் மாறியது.

பாரம் இழுக்கும் பந்தயத்துக்காக எஞ்சினை ஏற்றும் போட்டிக்காரர்கள் வேறு வழியில் போகிறார்கள். மெயின் கேப்புகள் அசையாமலிருக்க எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இரும்புச் சட்டத்தில் கட்டுகிறார்கள். தண்ணீர் ஓடும் அறைக்குள் சிமெண்ட் போன்ற கலவையை ஊற்றி இறுகவைத்து, சிலிண்டர் சுவர் விரியாமல் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் பாரச் சறுக்குவண்டியை இழுக்கும் தூரம் சுமார் 300 அடி. அப்படித் தண்ணீர் ஓட இடமின்றி முழுக்க அடைத்த எஞ்சின், மலைப்பாதையில் உள்ள நம் பர்லியாறு வரைக்கும்கூட வந்து சேராது.

சுவரின் கனம் என்றதும் இன்னொன்று. 1999 முதல் 2001 வரை டாட்ஜில் வந்த 24 வால்வு 5.9-இல் சில பிளாக்குகளில் 53 என்ற வார்ப்பு எண் இருக்கும். அவற்றில் தண்ணீர் அறையின் வெளிச்சுவர் மெல்லியது. எதையும் ஏற்றாத, கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடிய வண்டிகளிலும் அந்தச் சுவர் நீளவாக்கில் விரிந்து கூலண்ட் கசிந்தது. பார்த்தாயா, குதிரைத்திறன் ஏறாமலேயே பிளாக் போகிறது.

அந்தத் தம்பி இதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை: நம் மலையில் பிளாக்கும் ஹெட்டும் எதனால் விரிகின்றன? பெரும்பாலும் தண்ணீரால்தான். ஊட்டி 2240 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினின் வேலை வெப்பமே அதை ஒட்டித்தான் இருக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவதால்தான் கொதிக்காமல் ஓடுகிறது. ரப்பர் போன மூடியோடு மேலே ஏறினால் தண்ணீர் ஆவியாகி, ஆவி நின்ற இடத்தில் இரும்பு காய்கிறது. அப்புறம் டிரைவர் ஓரங்கட்டி, ஓடையில் ஒரு குடம் மொண்டு வந்து அப்படியே ஊற்றுகிறார். குளிர்ந்த தண்ணீர் பட்ட உள்சுவர் சுருங்குகிறது, வெளிச்சுவர் இன்னும் சூட்டில் விரிந்தே நிற்கிறது. மறுபடியும் இழுப்பு! 1000 குதிரைத்திறன் செய்யாததை அந்த ஒரு குடம் செய்துவிடும்.

வண்டி கொதித்தால் பாரத்தைக் குறைத்து நிறுத்துங்கள். கொதிக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். முள் நன்றாக இறங்கிய பிறகு திறந்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கூலண்ட் கலந்த தண்ணீர் ஒரு கேன் வண்டியிலேயே இருக்கட்டும்.

தம்பி, மாமா லாரியின் பிளாக் பக்கவாட்டில் எண்ணெய் அழுக்கைத் துடைத்தால் வார்ப்பு எண் தெரியும். படம் எடுத்து அனுப்பு. ரேடியேட்டர் மூடியின் உட்பக்கத்தையும் சேர்த்து எடு, அடுத்த வாரம் இரண்டையும் வைத்துப் பேசுவோம்.