40 ஆண்டுகளாகக் கட்டியும் முடியாத ரயில் பாதை! மாதிரி ரயில் கிளப்புகளில் என்னதான் நடக்கிறது?

[திரையில்: இருட்டான நகரம், செங்கல் வீடுகள், புகைபோக்கிகள். கேமரா மெதுவாகப் பின்வாங்க, ஒரு மனிதக் கை உள்ளே வந்து எஞ்சினைத் தூக்குகிறது.]

வணக்கம் நண்பர்களே. லண்டனில் ஒரு ரயில் பாதை இருக்கிறது. 1980-களில் கட்டத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகள் ஆகியும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது. நில வழக்கு கிடையாது, ஒப்பந்ததாரர் ஓடிப்போகவும் இல்லை. அந்தப் பாதையில் ஓடும் எஞ்சின் உங்கள் கட்டைவிரலைவிடக் குறுகலானது, அவ்வளவுதான்.

அதன் பெயர் கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ். பெயரைக் கேட்டு டென்மார்க்குக்குப் போய்விடாதீர்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு வடக்கே உள்ள பகுதிக்கு அந்தப் பெயர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அந்த வட்டாரம் எப்படி இருந்ததோ, அப்படியே 152-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்துகொண்டிருக்கிறார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. முன்னால் இருக்கும் வீடுகள் ஒரு அளவு, பின்னால் போகப் போக வீடுகளின் அளவு குறைந்துகொண்டே போகும். சில அடி ஆழமுள்ள மேஜை, பார்க்கிறவர் கண்ணுக்கு மைல் கணக்கில் நீளும். தொலைவைத் தச்சு வேலையில் செய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

சரி, நாற்பது ஆண்டுகள் எதற்கு? இன்றைய வீடியோவின் கேள்வி அதுதான்.

[திரையில்: பழைய புகைப்படங்கள் வேகமாக ஓடுகின்றன.]

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1891-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம், தொடர்ந்து வாங்கி இணைத்துக்கொண்டே போகக்கூடிய தண்டவாளத் தொகுப்பை லைப்சிக் சந்தையில் காட்டியது. 1910-இல் லண்டனில் தி மாடல் ரயில்வே கிளப் தொடங்கியது. கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ் அவர்களுடையதுதான். 1935-இல் அமெரிக்காவில் என்.எம்.ஆர்.ஏ. என்ற தேசியச் சங்கம் உருவாகி, யார் செய்த வண்டியும் யார் போட்ட பாதையிலும் ஓடவேண்டும் என்று அளவுகளை வகுத்தது. வரலாறு முடிந்தது.

இனி அளவுகள். இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது ஸ்கேல். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் உள்ள அகலம் கேஜ். உலகில் மிகப் பரவலான ஸ்கேல் எச்ஓ: 87-இல் ஒரு பங்கு, கேஜ் 16.5 மில்லிமீட்டர்.

பிரிட்டனில் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நாட்டு எஞ்சின்கள் ஐரோப்பாவின் மற்ற எஞ்சின்களைவிட ஒல்லி. அங்குள்ள பாலங்களும் சுரங்கங்களும் அப்படி. அந்த ஒல்லியான உடலை 87 மடங்கு சுருக்கினால், அந்தக் காலத்து மின்மோட்டார் உள்ளே போகவில்லை. ஆகவே வண்டியைக் கொஞ்சம் பெரிதாக, 76.2-இல் ஒரு பங்காகச் செய்தார்கள். தண்டவாளத்தை மட்டும் அதே 16.5 மில்லிமீட்டரில் விட்டுவிட்டார்கள்! 1938-இல் ஹார்ன்பி டப்லோ என்ற பொம்மை ரயில் வரிசை இந்த ஏற்பாட்டோடு சந்தைக்கு வந்து நிலைபெற்றது. விளைவு? அதை மறுபடி நிஜ அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். பாதையின் அகலம் 1,257 மில்லிமீட்டர் வருகிறது. உண்மையில் இருக்கவேண்டியது 1,435. கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் காணாமல் போய்விட்டது. பிரிட்டனில் ஓடும் பெரும்பாலான மாதிரி ரயில்கள் இன்றும் குறுகிய பாதையில்தான் நிற்கின்றன. அந்த 18 சென்டிமீட்டரைத் தாங்கிக்கொள்ள முடியாத சிலர், 18.83 மில்லிமீட்டர் கேஜில் தண்டவாளத்தைக் கையாலேயே செய்கிறார்கள். அவர்களை நான் கிண்டல் செய்யமாட்டேன். நேரில் பார்த்தால் அந்தப் பாதை உண்மையிலேயே அழகாக இருக்கும்.

[திரையில்: எடைத் தட்டில் ஒரு எஞ்சின்.]

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதி. வேகத்தைக் கூட்டித் தாவிவிடாதீர்கள்.

உருவத்தைச் சுருக்கலாம். இயற்பியலைச் சுருக்க முடியாது. கிளப்புகளின் பாதி உழைப்பு இந்த ஒரு சிக்கலில்தான் கரைகிறது.

முதலில் எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் 87-ஆல் வகுத்தால், எடை 87-ஆல் குறையாது. 87-ஐ மூன்று முறை பெருக்கி வரும் எண்ணால் குறையும். அது 6,58,503. நூறு டன் எஞ்சின் ஒன்றை நேர்மையாகச் சுருக்கினால் 152 கிராம் வரும். இருபது டன் காலிச் சரக்கு வண்டி? வெறும் 30 கிராம். இவ்வளவு லேசான வண்டி, வளைவில் லேசாக இழுத்தாலே தடம் புரளும். அதனால்தான் என்.எம்.ஆர்.ஏ. ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது: எச்ஓ அளவில் ஆறு அங்குல நீள வண்டி என்றால் நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம் இருக்கட்டும். கணக்குப்படி வரவேண்டியதைவிட மூன்று மடங்குக்கும் அதிகம்! கண்காட்சியில் நீங்கள் பார்க்கும் காலிச் சரக்கு வண்டியின் வயிற்றில் ஈயத் துண்டு ஒளிந்திருக்கிறது. நல்ல மாதிரி வண்டி, எடையில் பொய் சொல்லும் வண்டி.

அடுத்தது தூரம். நிஜத்தில் ஒரு கிலோமீட்டர், எச்ஓவில் பதினொன்றரை மீட்டர். அதாவது, இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஐந்து கிலோமீட்டர் இருந்தால், மாதிரியில் 57 மீட்டர் மண்டபம் வேண்டும். எந்தக் கிளப்பிடம் இருக்கிறது? இருபது பெட்டி எக்ஸ்பிரஸ் மட்டுமே ஐந்தரை மீட்டர் பிடிக்கும். வளைவு இன்னும் மோசம். மாதிரிப் பாதையில் 60 சென்டிமீட்டர் ஆரம் தாராளமான வளைவு. நிஜத்தில் அது 52 மீட்டர். பிரதான பாதையில் எந்தப் பொறியாளரும் அப்படி ஒரு வளைவை வரைந்துவிட்டு வேலையில் நீடிக்க முடியாது. எனவே கிளப்காரர்கள் வளைவின் உள்பக்கம் ஒரு குன்றையோ, மரத் தோப்பையோ, ஆலைச் சுவரையோ வைத்துக் கண்ணிலிருந்து மறைக்கிறார்கள். அடுத்த முறை ஒரு லேஅவுட்டில், அதாவது பாதையும் ஊரும் சேர்ந்த அந்த மாதிரி மேஜையில், தேவையில்லாத இடத்தில் குன்றைப் பார்த்தால், அதற்குப் பின்னால் ஒரு கொடுமையான வளைவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வேகம்? மணிக்கு 100 கிலோமீட்டரை 87-ஆல் வகுத்தால் நொடிக்கு 32 சென்டிமீட்டர். ஐந்து மீட்டர் நீள லேஅவுட்டைப் பதினாறு நொடியில் கடந்து ரயில் போய்விடும். ஆனால் கடிகாரம் சுருங்குவதில்லையே! பதினாறு நொடிக்குள் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது? இதற்குத்தான் வேகக் கடிகாரம் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் ஐந்து நிமிடம் ஆனால் அது அரை மணி நேரம் ஓடியிருக்கும், சிலர் ஒரு மணி நேரம்கூட வைப்பார்கள். கால அட்டவணை முழுவதும் அந்தக் கடிகாரப்படிதான். பெரியவர்கள் நான்கைந்து பேர் அந்தப் பொய்க் கடிகாரத்தைப் பார்த்து, "வண்டி ஏழு நிமிடம் தாமதம்" என்று நிஜமாகவே கோபித்துக்கொள்வார்கள். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பிடித்த காட்சி இல்லை.

கடைசியாக அழுக்கு. நிஜ எஞ்சினுக்குத் தண்டவாளத்தில் ஒரு தூசி பொருட்டே இல்லை. மாதிரி எஞ்சின் தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும், நின்றுவிடும். நிஜ ரயில் மின்சாரம் போனாலும் தன் எடையின் உந்துதலில் வெகுதூரம் உருண்டுபோகும். 152 கிராமுக்கு ஏது உந்துதல்? அதனால் எஞ்சினுக்குள் ஒரு சிறு பறப்புச் சக்கரமோ (சுழற்சியைத் தேக்கிவைக்கும் ஃப்ளைவீல்) மின்தேக்கியோ வைத்து, அரை நொடிக்காவது தாக்குப்பிடிக்க வைக்கிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான், அதன் பரப்பு இழுவிசை குறையாது. மாதிரி ஆற்றில் நிஜத் தண்ணீரை ஊற்றினால் ஆறாகத் தெரியாது, சிந்திய தண்ணீராகத்தான் தெரியும். வார்னிஷோ ரெசினோ ஊற்றுகிறார்கள்.

[திரையில்: இரண்டு பேர் ஒரு பலகையைப் படிக்கட்டில் இறக்குகிறார்கள். ஒருவர் முகத்தில் பயம்.]

வீட்டு லேஅவுட்டுக்கு இல்லாத ஒரு தலைவலி கிளப்புக்கு உண்டு. கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஆகவே லேஅவுட் முழுவதும் துண்டுகளாக இருக்கும். பெரும்பாலும் ஒரு துண்டு நான்கடி நீளம், இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றுகிற அளவு. அடிப்பலகை பிளைவுட், கீழே மரச் சட்டம்.

துண்டுகள் சேரும் இடத்தில்தான் ஒரு கிளப்பின் தரம் தெரியும் என்பது என் கருத்து. அங்கே தண்டவாளம் அறுபட்டிருக்கிறது. இரு முனைகளும் அரை மில்லிமீட்டர் விலகினாலே சக்கரம் ஏறிவிடும். அதைத் தடுக்கப் பித்தளை முளைகளும் அவற்றுக்கேற்ற குழிகளும் பொருத்துகிறார்கள். பலகைகளைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். தண்டவாள முனைகளைத் தாமிரம் பூசிய பட்டையில் சோல்டர் செய்துவிடுகிறார்கள், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை அந்த அடியைத் தாங்காது. இவ்வளவும் செய்த பிறகு, மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும். மண்டபத்தின் சூட்டில் தண்டவாளம் நீளும். ஊர் திரும்பியதும் பழுது பார்க்கவேண்டும். இப்போது புரிகிறதா, ஏன் முடிவதில்லை என்று? அதோடு, பத்து ஆண்டுகளில் கிளப்காரர்களின் கை தேறிவிடுகிறது. புதிதாகச் செய்த பலகைக்குப் பக்கத்தில் முதலில் செய்த பலகை கேவலமாகத் தெரிகிறது. பிரித்துவிட்டு மறுபடி செய்கிறார்கள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. முடிந்துவிட்டால் அந்த வாரக் கூட்டத்துக்கு வந்து என்ன செய்வார்கள்?

பலகைக்கு மேலே இயற்கைக் காட்சி. ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன்: புல். நைலான் இழைகளை உயர் மின்னழுத்தம் கொண்ட சல்லடையிலிருந்து பசை மேல் உதிர்த்தால், அவை மின்புலத்தில் நிமிர்ந்து, குத்திட்டு நின்று ஒட்டிக்கொள்ளும். செய்து பார்த்தால் தவிர நம்பமாட்டீர்கள்.

[திரையில்: கேமரா பலகைக்குக் கீழே குனிகிறது. ஒயர்க் காடு.]

பலகைக்குக் கீழே இருப்பது வேறு உலகம், வேறு மனிதர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946-இல் ஒரு மாதிரி ரயில் கிளப் தொடங்கியது. அங்கே மேலே மரமும் வீடும் செய்பவர்கள் ஓர் அணி. கீழே பழைய தொலைபேசி ரிலேக்களை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை, வைத்துப் பாதைகளை மாற்றுகிற சுற்றுகளை அமைத்தவர்கள் இன்னொரு அணி: சிக்னல் மற்றும் மின்சக்தித் துணைக்குழு. அந்தக் கூட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தின் கணினி கண்ணில் பட்டது, அப்புறம் கேட்கவேண்டுமா! 1962-இல் ஸ்பேஸ்வார் என்ற, ஆரம்பகாலக் கணினி விளையாட்டுகளில் மிகப் புகழ்பெற்ற ஒன்று, அந்த வட்டத்திலிருந்துதான் வந்தது. கணினியின் சுவிட்சுகளைத் தட்டி விளையாடி முழங்கை வலித்ததால், கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தார்கள். பாகங்கள் எங்கிருந்து? ரயில் கிளப்பின் உதிரிப் பெட்டியிலிருந்து. உங்கள் கையில் இருக்கும் கேம் கன்ட்ரோலரின் கொள்ளுத் தாத்தா ஒரு மாதிரி ரயில் மேஜைக்கடியில் பிறந்தவர்.

இன்றைய லேஅவுட்டுகள் பலவற்றில் டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் துருவத்தை மாற்றி மாற்றிச் செய்தி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோநொடி நீடித்தால் அது ஒன்று, ஏறக்குறைய 100 மைக்ரோநொடியோ அதற்கு மேலோ நீடித்தால் சுழியம். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரிதான்: எல்லா எஞ்சினுக்கும் கேட்கும், எண் யாருடையதோ அது மட்டும் பதில் சொல்லும்.

[திரையில்: கண்காட்சி மண்டபம்.]

கண்காட்சிக்கு முந்தைய வாரம் கிளப்பில் யாரும் புதிதாக எதையும் செய்யக் கூடாது என்பது விதி. எல்லாரும் மீறுவார்கள். செய்யவேண்டியது சோதனை: ஒவ்வொரு சக்கர ஜோடிக்கும் இடையிலுள்ள அகலத்தை அளவுகோலால் பார்ப்பது, தண்டவாளத்தையும் சக்கரத்தையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைப்பது, பிறகு நீளமான ரயிலை எல்லாப் பாயிண்ட்கள் (பாதை பிரியும் இடங்கள்) வழியாகவும் பின்னோக்கித் தள்ளிப் பார்ப்பது. முன்னோக்கி இழுக்கும்போது ஒளிந்துகொள்கிற பிழை, தள்ளும்போது வெளியே வந்துவிடும்.

மண்டபத்தில் இன்னொரு சண்டை. கிளைப் பாதை ஒன்றில் நிஜத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து ரயில்தான் போகும். அதை அப்படியே காட்டினால், தடுப்புக்கு முன்னால் நிற்கும் குழந்தை ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காது. ஆகவே திரைக்குப் பின்னால் ரயில்களை வரிசையாக நிறுத்திவைத்து ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புகிறார்கள். அதே தடுப்புக்கு முன்னால் இன்னொருவர் நிற்பார். எஞ்சினில் எத்தனை ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) என்று எண்ணி, இரண்டு குறைகிறது என்று சொல்வார். குழந்தைக்கா, ரிவெட்காரருக்கா, யாருக்காக ஓட்டுவது? என் வாக்கு குழந்தைக்கு. ரிவெட்காரர் எப்படியும் அடுத்த ஆண்டும் வருவார்.

உங்கள் கட்சி எது? மேலே புல் நடுகிறவரா, கீழே ஒயர் பிடிக்கிறவரா, பொய்க் கடிகாரத்தைப் பார்த்துக் கோபப்படுகிறவரா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ரிவெட் எண்ணுகிறவர்களும் எழுதலாம், இந்த வீடியோவில் எத்தனை பிழை என்று எண்ணிவிட்டு.