காலித் தொட்டியை முட்டிய பசு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தாகம் உயிர்களுக்கே உரியது, இயந்திரங்களுக்கு அன்று என்பதே எங்கள் அணியின் பேச்சு.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "ஒரு சொம்புத் தண்ணீரில் அடங்கிப்போவதும் ஒரு தாகமா? வழிநெடுக நின்று நின்று தொட்டி தொட்டியாகக் குடித்த நீராவி எஞ்சினுக்கு இருந்ததே, அதுவன்றோ தாகம்!" என்றார், அரங்கம் கைதட்டியது. அந்தச் சொம்பையே நான் கையில் எடுக்கிறேன். இரத்தத்தில் உப்பின் செறிவு ஓரிரு விழுக்காடு கூடினாலே நம் மூளை அதை உணர்ந்து தண்ணீர் கேட்கிறது. குடித்த நீர் முழுவதும் இரத்தத்தில் சேர்வதற்கு முன்பே 'போதும்' என்றும் சொல்லிவிடுகிறது. ஒரே மூச்சில் நூறு லிட்டர் குடிக்கும் ஒட்டகமும் போதுமென்று தலை நிமிர்கிறது. எஞ்சினுக்கு அந்தப் 'போதும்' எங்கே இருந்தது? கொதிகலனில் நீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈய அடைப்பைக்கூட, வெடித்துவிடுமே என்று அஞ்சிய மனிதன்தான் அதில் பொருத்தினான். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து சென்னைக்கு வந்த ரயில் எந்தத் தாகத்தை அறிந்தது? லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த பெண்கள் அறிந்தார்கள்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோடையில், மும்முனை மின்சாரம் நள்ளிரவில்தான் வரும் என்பதால், அப்பா ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைத் தானியங்கி ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டுப் படுத்தார். அன்று கிணறு வற்றிவிட்டது. தன்னைச் சூழ்ந்த நீரால்தான் குளிரவேண்டிய அந்த மோட்டார், நீரில்லாமலே ஓடியது; ஒரு மணிக்கு ஓடியது, இரண்டு மணிக்கும் ஓடியது, உள்ளே கம்பிச்சுருள் கருகும்வரை அதே சுருதியில் ஓடியது. அதே கிணற்றை நம்பியிருந்த எங்கள் பசு என்ன செய்தது? காலித் தொட்டியை முகர்ந்தது. கொம்பால் முட்டியது. கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்து, தெருவே விழிக்கும்படி கத்தியது. நடுவர் அவர்களே, இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள்: ஒரே இரவு, ஒரே கிணறு, மோட்டார் கருகியது, மாடு அழைத்தது. அறிவுத் தாகம் என்றும் விடுதலைத் தாகம் என்றும் நாம் சொல்வதுகூட, இல்லாததை உணர்ந்து இப்படி அழைப்பவர்களை நினைத்துத்தானே! அழைப்பைக் கேட்டு எழுந்த அப்பா மோட்டாரிடம் போகவில்லை. குடிப்பதற்கென்று வீட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் குடத்தைத் தொட்டியில் சாய்த்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அதே அப்பா படுக்கையில் கிடந்தார். விழுங்க முடியாத அவருக்கு, அம்மா பஞ்சை நனைத்து உதட்டை ஈரமாக்கப் போனார். அப்பா முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டினியாப்பா?" என்று கேட்டார். எங்கள் தொழுவத்தில் மாடு இல்லாமற்போய் அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. "காட்டிட்டேன்பா" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் அம்மாவின் பக்கம் உதட்டைத் திறந்தார்.

வணக்கம்.