தெருதான் முதலில் பேர் வைத்தது

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, வணக்கம். பிழைப்புக்காக ஊர் மாறி வரும் பிள்ளைக்கு நட்பைத் தருவது பள்ளிக்கூடமா, தெருவா? நான் தெருவின் பக்கம். ஏட்டில் படித்துவிட்டு வரவில்லை, அப்படி ஊர் மாறிய பிள்ளை நானே.

2011 ஜனவரி. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது நிற்கவில்லை என்று திருப்பூரில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகளை நினைத்தால் குறை சொல்ல முடியாத உத்தரவுதான். ஆனால் அப்பாவுக்குப் பட்டறையை விட்டால் வேறு வேலை தெரியாது. மளிகைக்கடைப் பாக்கி ஏறியது. மார்ச்சில் தட்டுமுட்டுச் சாமானோடு உசிலம்பட்டிப் பக்கம், அம்மாவின் ஊருக்கு வந்துவிட்டோம். நான் நாலாம் வகுப்பு.

எதிரணித் தலைவர் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டினார். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றார். சரி, சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் படித்த பள்ளியோ, ஃபீஸ் பாக்கியைக் கட்டினால்தான் டிசி என்றது. சட்டத்தை அப்பாவுக்கு யார் சொல்வது? "ஜூன்ல பாத்துக்கலாம்" என்றுவிட்டார். எனக்கு மூன்று மாதம் பள்ளிக்கூடமே கிடையாது. தெரு மட்டும் வந்த அன்றைக்கே திறந்திருந்தது.

உடனே தோளில் கை போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மூன்று நாள் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். நாலாம் நாள் சா பூட் த்ரீ போட்டு அணி பிரித்ததில் ஓர் ஆள் குறைந்தது. "டேய், உப்புக்குச் சப்பாணியா வந்து நில்லு" என்றார்கள். இரண்டு பக்கமும் ஃபீல்டிங், கடைசியில் ஆறு பந்து பேட்டிங். பந்து சாக்கடையில் விழுந்தால் எடுப்பதும் நான்தான். நடுவர் சிரிக்கிறீர்கள். புதுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா, ஐயா? எந்த அணி தோற்றாலும் அவன் மேல் பழி வராது. பள்ளிக்கூடத்தில் முதல் வாரமே டெஸ்ட் வைத்துவிடுவார்கள்!

எதிர்வீட்டுப் பெரியவர்கள் "ஏன் வந்தீங்க, அப்பா என்ன பண்றாரு" என்று துருவினார்கள். பையன்கள் கேட்டது ஒன்றுதான்: "ஸ்பின் போடுவியா?" கேப்டன் அண்ணனிடம் "போடுவேனுங்க" என்றேன். அந்த 'ங்க'வைக் கேட்டு உருண்டு புரண்டு சிரித்தார்கள். அன்று முதல் என் பேர் 'திருப்பூரு'.

சத்துணவு வரிசையில் நட்பு வளரும் என்றார் எதிரணிச் சகோதரி. நான் மறுக்கவில்லை. ஆனால் தெரு ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தானே என்று கேட்டாரே, அது குத்தியது. என் அக்காவை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லைதான். அவளுக்குத் தோழி கிடைத்தது குழாயடியில். தன் குடத்துக்குப் பின்னால் அக்காவின் குடத்துக்கும் தினம் இடம் பிடித்து வைத்தாள் ஒருத்தி. குழாயடி எங்கே இருக்கிறது? தெருவில்!

மணியில் கை வைக்கிறீர்கள், முடித்துக்கொள்கிறேன். ஜூனில் ஒருவழியாக ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தேன். வாத்தியார் என்னை முன்னால் நிறுத்தி, "புதுப் பையன், பேரு என்னப்பா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சு முழுக்கக் கத்தியது: "திருப்பூரு, சார்!"

நன்றி, வணக்கம்.