முன்னால் நிற்கும் எழுத்து

நடுவர் அவர்களுக்கும் திருவையாற்றுப் பெருமக்களுக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பெயருக்குப் பெருமை பின்னால் வரும் பட்டமா, முன்னால் நிற்கும் இனிஷியலா? எதிரணி ஐயா சொன்னார்: "வால் இல்லாத பட்டம் குட்டிக்கரணம் அடிக்கும். பட்டம் போடாத பேரும் அப்படித்தான்." நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, ஆடிக் காற்றில் காவிரி மணலில் பட்டம் விட்டவன் நான். வால் அறுந்தால் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டலாம். முன்னால் கட்டிய நூல் அறுந்தால்? அக்கரைத் தோப்பில் போய்த் தேட வேண்டும்! அந்த நூல்தான் ஐயா, அப்பா பேரு.

பட்டம் சோழ ராஜா கொடுத்தது என்றீர்கள். சரி, பெரிய கோயில் கல்வெட்டையே பாருங்கள். ராஜராஜன் காலத்தில் அங்கே ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்தவர் 'ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான்'. அப்பா ஆதித்தன் முதலில், மகன் சூரியன் அடுத்து, பட்டம் கடைசியில். இன்றைக்கு எழுதினால் ஆ. சூரியன்! மூவேந்தவேளான் என்று ஒரு வீட்டு வாசலிலும் நான் பார்த்ததில்லை. அது ராஜாவோடு போயிற்று. அப்பா பேரை முன்னால் வைக்கும் வழக்கம் 1000 வருஷம் தாண்டி நம் ரேஷன் கார்டு வரைக்கும் வந்திருக்கிறது.

அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா கும்பகோணத்தில் பித்தளைக் குடம் வாங்கினார். பேர் வெட்ட எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. வெட்டுகிறவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்: "பட்டம் போடணுமா?" தாத்தா மடியைத் தடவிப் பார்க்கிறார். காசு இருக்கிறது. போட்டிருக்கலாம். மறுபடியும் கேட்கிறார், "என்னங்க, போட்டுடவா?" தாத்தா சொன்னார்: "வேணாம்ப்பா. என் முதலெழுத்தைக் கொஞ்சம் ஆழமா வெட்டு."

கல்யாணமாகி வந்ததும் ரேஷன் கார்டில் அம்மாவுக்கு என் அப்பாவின் எழுத்து வந்தது. பேங்க் புத்தகத்திலும் அதுதான். குடத்தில் மட்டும் தாத்தா இருந்தார். 40 வருஷம் புளி போட்டுத் தேய்த்ததில் அம்மா பேரே மழுங்கிவிட்டது. 'கோ' மட்டும் அப்படியே நிற்கிறது. தாத்தா போன அன்றைக்கு அம்மா அழவில்லை. மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்தபோது, அந்த எழுத்தில் விரல் பட்டது. அப்படியே குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குடத்தைத்தான் எடுத்து வந்திருக்கிறேன், நடுவர் அவர்களே. வாங்கித் தடவிப் பாருங்கள்.