புது எடிஷன் வந்தா பழைய ஆட்டம் எங்க போகுது?

வணக்கம் நேயர்களே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டு, 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்தது. நாலஞ்சு பேர் மேஜைய சுத்தி உக்காந்துக்குவாங்க, ஒருத்தர் கதைய நடத்துவார், மத்தவங்க ஆளுக்கொரு வீரனாவோ திருடனாவோ மந்திரவாதியாவோ மாறி பேசியே விளையாடுவாங்க, முடிவு தெரியாத இடத்துல டைஸ் உருட்டுவாங்க. இதுக்கு 1989, 2000, 2008, 2014-னு புதுப்புது எடிஷன், அதாவது ரூல்ஸ மாத்தி எழுதின புக், வந்து, 2024-லயும் புக்கை திருத்திப் போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் யாராவது வருத்தப்பட்டா, "பழைய புக் உன் ஷெல்ஃப்லதான இருக்கு, யார் புடுங்கினா?"ன்னு கேப்பாங்க. புக் இருக்கும்தான், ஆனா அந்த ரூல் உண்டாக்கின ஆட்டம் இருக்குமா?

இதே விளையாட்டுக்கு 1981-ல வந்த பேசிக் ரூல்ஸ்ங்கிற புக்க எடுத்துக்கங்க. ஒரு வீரன் ரெண்டாவது லெவலுக்குப் போக 2,000 பாயின்ட் வேணும். ஆர்க்னு ஒரு அரக்கன கொன்னா கிடைக்கிறது 10 பாயின்ட், அதையும் கூட வந்தவங்களோட பங்கு போடணும். ஆனா ஒரு தங்கக் காச குகையிலருந்து பத்திரமா வெளிய கொண்டு வந்தா அதுக்கு ஒரு பாயின்ட். அப்ப எவன் சண்டைக்குப் போவான் சொல்லுங்க? ஒளிஞ்சு போவாங்க, பேரம் பேசுவாங்க, காவல் நிக்கிறவனுக்கு லஞ்சம் குடுப்பாங்க, பெட்டிய தூக்கிட்டு ஓடுவாங்க. "சண்டைய தவிருங்க"ன்னு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, அந்த ஒரு கணக்கே அப்படி விளையாட வச்சிருச்சு.

அதே புக்குல மொரேல்னு ஒண்ணு உண்டு, அதாவது எதிரியோட மனதைரியம். எதிர்ப்பக்கம் முதல் ஆள் செத்தா ரெண்டு டைஸ் உருட்டணும், பாதிப் பேர் விழுந்தா மறுபடியும் உருட்டணும், அவங்களுக்கு போட்டிருக்கிற நம்பர தாண்டிருச்சுன்னா ஓடுவாங்க இல்ல சரணடைவாங்க. சரணடைஞ்ச கோப்ளின, அதாவது குட்டி அரக்கன, என்ன பண்றது, கட்டிப் போடுறதா, வழி காட்டச் சொல்றதா, விட்டுட்டா போய் ஆள் கூட்டிட்டு வந்துருவானா, இந்த வாக்குவாதத்துலயே அன்னைக்கு ராத்திரி போயிரும், எனக்கு இந்த விளையாட்டுல ரொம்பப் பிடிச்சதே அந்த வாக்குவாதம்தான்.

1989 எடிஷன்ல தங்கத்துக்கான பாயின்ட் 'வேணும்னா வச்சுக்கங்க'ங்கிற இடத்துக்குப் போச்சு. 2000-ல அதுவும் இல்ல, மொரேலும் இல்ல. சவால ஜெயிச்சாத்தான் பாயின்ட்னு ஆனதும் நிறைய மேஜைல சவால்னாலே சண்டைன்னு ஆயிருச்சு, எதிரியும் கடைசி ஆள் வரைக்கும் நின்னு சாகுறான். 2014-ல மொரேல் ஒரு ஓரமா ஆப்ஷனலா திரும்பி வந்துச்சு, அத எத்தனை பேர் திறந்து பாத்திருப்பாங்க?

மாத்தினவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. பழைய ரூல்ஸ்ல கவசம் நல்லா இருந்தா அதோட பலத்துக்குப் போடுற நம்பர் குறையும், புதுசா வர்றவங்க அங்கயே குழம்பிருவாங்க. 2000 எடிஷன் அத நேராக்கினது நல்ல காரியம். ஆனா எந்த ரூல எடுத்தா அதோட சேர்ந்து எது விழும்னு ரூல்புக்க மட்டும் வாசிச்சா தெரியாது, மேஜைல உக்காந்து பாக்கணும்.

ரூல்ஸ் மட்டுமா, உலகமே கூட போகும். 2008-ல இந்த விளையாட்டோட ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கிற கதையுலகத்த நூறு வருஷம் போல எதிர்காலத்துக்குத் தள்ளிட்டாங்க. வருஷக்கணக்கா அதுல விளையாடினவங்களோட மனுஷ கேரக்டர், அவங்க பழகின ஊர்க்காரங்க, எல்லாரும் ஒரே தாவுல செத்துப் போனவங்களா ஆயிட்டாங்க.

அந்த ஷெல்ஃப் பேச்சும் முழுசா சரியில்ல. 2009-ல இந்த விளையாட்ட வெளியிடுற விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கம்பெனி பழைய புக்கோட பிடிஎஃப் எல்லாத்தையும் விற்பனையிலருந்து எடுத்துட்டாங்க, 2013-லதான் திரும்ப வந்துச்சு. 2024-ல அவங்க இணைய சேவைல எல்லாரோட கேரக்டர் ஷீட்லயும், அதாவது அவங்கவங்க கேரக்டரோட விவரம் இருக்கிற தாள்லயும், பழைய மந்திரங்களுக்கு பதிலா புதுச போடப் போறோம்னாங்க, ஆட்டக்காரங்க எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்ட பிறகுதான் கைவிட்டாங்க.

பழசக் காப்பாத்தினதும் ஆட்டக்காரங்கதான். 2000 எடிஷனோட வந்த, ரூல்ஸ மத்தவங்களும் எடுத்து எழுதலாம்ங்கிற ஓப்பன் லைசென்ஸ வச்சே 2006-ல ஓஸ்ரிக்னு பழைய ரூல்ஸ திரும்பக் கட்டி எழுதினாங்க. ஆனா தங்கத்துக்கு பாயின்ட்னு வாசிக்கிற இருபது வயசுப் பையனுக்கு அது கிறுக்குத்தனமாத்தான் தெரியும், அது ஏன்னு பக்கத்துல உக்காந்து ஆடிக் காட்ட ஒருத்தர் வேணும். அந்தக் காலத்துல விளையாடினவங்க யாராவது இதக் கேட்டுட்டு இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு சின்னப் பசங்கள கூப்பிட்டு அந்த 1981 ரூல்ஸ்ல ஒரு ஆட்டம் நடத்துங்க, கோப்ளின் சரணடையுற வரைக்கும் போங்க. நன்றி, வணக்கம்.