கிண்டுனா சக்கரை, அசைக்காம உட்டா கல்கண்டு

வணக்கமுங்க. கோயமுத்தூருல நான் ஆராய்ச்சி பண்ற லேப்ல இருந்து பேசறனுங்க.

இந்தத் தட்டு தெரியுதுங்களா? இதுலதான் ஒரு புரதத்தைப் படிகமா வளக்கறேன். 24 குழி. ஒவ்வொரு குழிக்கும் அடியில அரை மில்லி அம்மோனியம் சல்பேட்டுங்கற உப்போட கரைசல். மேல கண்ணாடிச் சில்லு, அதுல தலைகீழா ஒரு சொட்டு தொங்குது. 1 மைக்ரோலிட்டர் புரதம், 1 மைக்ரோலிட்டர் அடிக் கரைசல், அவ்வளவுதான். புரதத்தோட பேரு ஹெக்சோகைனேஸ். பன்னு உப்பறதுக்குப் போடற ஈஸ்ட்டுலதான் இருக்குது. அது குளுக்கோஸைப் புடிச்சு ஒரு பாஸ்பேட்டை ஒட்டி உடும். ஈஸ்ட்டு சக்கரையச் செரிக்கறதுல அதுதான் மொத வேலை.

சொட்டுல உப்பு கம்மி, கீழ ஜாஸ்தி. அதனால சொட்டுத் தண்ணி மெல்ல ஆவியாகிக் கீழ போகும், புரதம் நெருங்கும். நிதானமா நெருங்குனா வரிசையா அடுக்கிப் படிகமாகும். அவசரப்பட்டா பால் திரிஞ்சாப்ல ஆயிரும்.

எங்க அப்பிச்சி ஊரு கவுந்தப்பாடிப் பக்கமுங்க. பாகு பதத்துக்கு வந்ததும் உடாமக் கிண்டித் தேச்சு நாட்டுச்சக்கரை ஆக்குவாங்க, பொடிப்பொடியா வரும். பாகுல நூலைத் தொங்கவுட்டு அசைக்காம வெச்சா கல்கண்டு. எனக்கு வேணுங்கறது கல்கண்டு.

போன மாசம் ஒரு சொட்டுல ஊசி ஊசியாப் பளபளன்னு இருந்துச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணியே சொல்லிட்டேன். அப்பறம் ஊசியில தொட்டா டக்குனு கண்ணாடியாட்டம் ஒடையுது. வெறும் உப்புப் படிகமுங்க. புரதப் படிகத்துல ஏறக்குறைய பாதி தண்ணி, தொட்டா மெத்துனு நொறுங்கோணும். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல.

இன்னிக்கு இந்தக் குழியப் பாருங்க. 22 நாளு ஆச்சு. நாலு படிகம் இருந்துச்சு, ஒண்ணைத் தொட்டேன், பொலபொலன்னு போயிருச்சு! அந்த ஒண்ணு போனது எனக்கு அவ்வளவு சந்தோசம்.

படிகம் எதுக்குன்னா, எக்ஸ்ரே அடிச்சுப் புரதத்தோட உருவத்தைப் பாக்கத்தானுங்க. ஒத்தை மூலக்கூறு செதறடிக்கற எக்ஸ்ரே பத்தாதுங்க. படிகத்துல கோடானுகோடி மூலக்கூறு ஒரே மாதிரி நிக்கறதால புள்ளி புள்ளியாப் பதியும், அதுல இருந்து அணு எங்கெங்க இருக்குதுன்னு கணக்குப் போடறோம். இந்த ஹெக்சோகைனேஸு குளுக்கோஸு வந்ததும் வாய மூடுதுன்னு 1978-ல தாமஸ் ஸ்டைட்ஸ் குழு காட்டுச்சு. நம்ம சிதம்பரத்துல பொறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனோட 2009-ல நோபல் வாங்குனவரும் அவருதான், அது செல்லுக்குள்ள புரதம் செய்யற ரைபோசோமைப் பத்துன ஆராய்ச்சிக்கு. நான் இந்த ஹெக்சோகைனேஸ்ல ஒரே ஒரு அமினோ அமிலத்தை, அதாவது புரதச் சங்கிலியில ஒரே ஒரு கண்ணியை, மாத்தியிருக்கேன். இப்பவும் வாய் மூடுதா? அதைத்தான் பாக்கோணும்.

நாளைக்குச் சின்ன நைலான் வளையத்துல மூணையும் அள்ளி, திரவ நைட்ரஜன்ல போடறேன். லைட்டுச் சூடு சொட்டுக்கு ஆகாதுங்க, தட்டை உள்ள வெச்சுட்டு வர்றேன்.