4 வெள்ளி 60 காசு ஏத்திட்டாங்க லா! ஃபாண்டண்ட் புலம்பல்

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதா உங்களுக்கு? நாலு மணி மழை, தகரத்துல அடிக்கிற அடியில நான் கத்தித்தான் பேசணும், மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கி கேக் ஒன்னும் செய்யல, சும்மா உக்காந்து பேசப் போறேன், ஏன்னா புதன்கிழமையிலேர்ந்து மனசுலயே வச்சிக்கிட்டு இருக்கேன், இத யார்கிட்டயாவது கொட்டாட்டி எனக்கு தூக்கம் வராது. அம்மாகிட்ட சொன்னா "நீயும் உன் மாவும்"னுட்டு போயிட்டாங்க.

விஷயம் என்னன்னா 21வது பொறந்தநாள் கேக் ஒன்னு, சனிக்கிழமை டெலிவரி. நம்ம மலேசியா ஆளுங்களுக்கு 21னா சும்மாவா, தேவான், அதான் மண்டபம், எடுத்து, டிஜே போட்டு, பெரிய ஆளாயாச்சுன்னு காட்ட சாவி வேணும், தங்கக் கலர் சாவி. பொண்ணு கேட்டது நேவி ப்ளூ, 8 இன்ச், உசரமா, மேல சாவி. ஃபாண்டண்ட்தான், அதான் கேக்கு மேல துணி மாதிரி போர்த்துற சீனி மாவு, அதுதான் வேணும், பட்டர்கிரீம் வேணாம்னு அவங்க அம்மா முதல்லயே சொல்லிட்டாங்க. எனக்கும் நிம்மதி. பட்டர்கிரீம் போட்ட அந்த யூனிகோர்ன் கேக்குக்கு தொப்பை விழுந்த வீடியோ பாத்தவங்களுக்கு ஏன்னு தெரியும்.

சரி, ஃபாண்டண்ட் வாங்கணும். நான் எப்பவும் ஈப்போவுல ஒரு கடையில வாங்குவேன், 1 கிலோ டப்பா 21 வெள்ளி 90. இந்த தடவ சோம்பேறித்தனம், காருக்கு எண்ணெய் ஊத்தவும் காசு ஆகும்னு ஆன்லைன்ல தேடினேன், 2 கிலோ 29 வெள்ளி! ரெண்டு கிலோ லா! உடனே அமுக்கிட்டேன். புதன்கிழமை பார்சல் வந்துச்சு, தொறந்தா ஒரு வெள்ளப் பிளாஸ்திக், மேல ஒரு ரப்பர் வளையம். அவ்வளவுதான். பேரு இல்ல, தேதி இல்ல, என்ன போட்டு செஞ்சாங்கன்னு ஒரு எழுத்து இல்ல. பெரிய டப்பாவுலேர்ந்து வெட்டி கட்டி விக்கிறாங்க. ஓரமெல்லாம் காஞ்சி, விரல வச்சா வெடிக்குது. நான் அப்பவும் என்ன நெனச்சேன்னா, பரவால்ல, அஞ்சு செகண்ட் மைக்ரோவேவ், ரெண்டு மூணு சொட்டு கிளிசரின் விட்டு பெசஞ்சா சரியாயிடும்னு. அது சரியாகவும் ஆகும், பொய் சொல்லல.

ஆனா அன்னிக்கி ராத்திரியே பொண்ணோட அம்மா வாய்ஸ் மெசேஜ். "அம்மாய், எங்க மாமியார் கேக்குறாங்க, அந்த மேல ஒட்டுற மாவுல மாட்டுலேர்ந்து எடுத்தது ஏதும் இருக்கான்னு." எனக்கு ஒரு நிமிஷம் பக்குன்னுச்சு. ஏன்னா அந்தப் பாட்டி கேட்டது ரொம்ப சரியான கேள்வி, நாலு வருஷமா கேக் விக்கிறேன், ஒருத்தர் கூட என்கிட்ட கேட்டதில்ல, நானும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஃபாண்டண்ட்னா என்னா, ஐசிங் சீனி, குளுக்கோஸ் சிரப், கொஞ்சம் கொழுப்பு, கிளிசரின், அப்புறம் அது இழுத்தா அறுந்து போகாம ரப்பர் மாதிரி வரணும்ல, அதுக்கு ஒன்னு போடணும். சில கம்பெனி ஜெலட்டின் போடும், சில கம்பெனி பிசின் போடும், டிராகாகந்த், சாந்தான், சிஎம்சி, இந்த மாதிரி. பிசின்னா பிரச்சன இல்ல. ஜெலட்டின்னா அது மாடோ பன்னியோ மீனோ, ஏதோ ஒரு உசுரோட தோலும் எலும்பும்தான். ஹலால் முத்திரை இருக்கே போதாதான்னு கேப்பீங்க. அக்கா, அண்ணே, ஹலால்னா பன்னி இல்லன்னு அர்த்தம், மாடு இல்லன்னு அர்த்தம் கெடையாது! நமக்கு தேவையானது அதுல வராது. நம்ம நாட்டுல 1985 உணவு விதிமுறை இருக்கு, மாடு, பன்னி, அதுலேர்ந்து எடுத்தது எது கலந்திருந்தாலும் லேபல்ல போட்டே ஆகணும். ஆனா லேபலே இல்லாத பிளாஸ்திக்க வச்சிக்கிட்டு நான் எதப் படிக்கிறது, ரப்பர் வளையத்தையா?

மார்ஷ்மெலோ ஃபாண்டண்ட் செய்யலாமேன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். அந்த மார்ஷ்மெலோவுலயே பெரும்பாலும் ஜெலட்டின்தான். மீன் ஜெலட்டின் போட்டதும் இருக்கு, ஆனா பாட்டி சைவமான்னு நான் கேக்கல, அது வேற. அதுவும் இல்லாம எனக்கு மார்ஷ்மெலோ ஃபாண்டண்ட் புடிக்கவே புடிக்காது, உருக்கி பெசையும்போது முழங்கை வரைக்கும் ஒட்டும், நம்ம ஊரு சூட்டுல கேக்கு மேல போட்டா ஓரத்துல தொங்கும், வேணாம், அந்தப் பேச்சே வேணாம்.

அதனால வியாழக்கிழமை காலையிலயே மைவி கார எடுத்துக்கிட்டு ஈப்போ. என்னோட கடை, என்னோட டப்பா, எடுத்து திருப்பிப் பாத்தேன். சீனி, குளுக்கோஸ், செம்பனை எண்ணெய், பிசின். ஜெலட்டின் இல்ல. அப்பாடா. (செம்பனை எண்ணெய்னு படிச்சதும் சிரிப்பு வந்துச்சு. எங்கப்பா 26 வருஷம் தோட்டத்துல குலை வெட்டுனாரு, அந்த எண்ணெய் எங்கயோ போயி, சீனியோட சேந்து, டப்பா போட்டுக்கிட்டு இம்போர்ட்டட்னு திரும்பி வந்து நம்மகிட்டயே காசு கேக்குது.) ஈ471னு ஒன்னு, எண்ணெயும் தண்ணியும் பிரியாம வைக்கிற சாமான், போட்டிருந்துச்சு, அது செடியிலேர்ந்தும் எடுக்கலாம், மிருகக் கொழுப்புலேர்ந்தும் எடுக்கலாம், ஆனா இந்த டப்பாவுல பக்கத்துலயே செடின்னு போட்டிருக்கான், நல்லவன்.

நிம்மதியா கவுன்டருக்கு போனா, 26 வெள்ளி 50 காசு!

நான் கேட்டேன், ஆண்ட்டி இது 21.90 தானேன்னு. போன மாசம் ஏறிடுச்சு அம்மாய்னாங்க. 4 வெள்ளி 60 காசு! ஒரு டப்பாவுக்கு! எனக்கு ரெண்டு டப்பா வேணும், 9 வெள்ளி 20 காசு! நம்ம ஊர்ல ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக், கிட்டத்தட்ட அந்த 4.60ல முடிச்சிடலாம், எனக்கும் தம்பிக்கும் காலச் சாப்பாடு லா அந்த ரெண்டு டப்பா. நான் கேக்குக்கு வெல சொன்னது மூணு வாரத்துக்கு முன்னாடி, இப்ப கூட்ட முடியுமா, முடியாது. அப்படியே நின்னேன். பின்னாடி ஒருத்தர் கப்கேக் பேப்பர் வச்சிக்கிட்டு ஹ்ம் ஹ்ம்ங்குறாரு. கொடுத்துட்டேன். பார்க்கிங்குக்கு தனியா. அந்த 29 வெள்ளி பிளாஸ்திக் காசும் போச்சு, அத கணக்குல சேத்தா, வேணாம், சேக்கல, சேத்தா அழுவேன்.

ஏன் ரெண்டு டப்பான்னா, கணக்கு சொல்றேன், இத எழுதி வச்சிக்கோங்க. கேக்கு 8 இன்ச், உசரம் 5. எட்டோட அஞ்சு, இன்னொரு அஞ்சு, 18. ஓரத்துக்கு ஒரு ரெண்டு இன்ச் விடணும், ஆக 20 இன்ச் வட்டமா உருட்டணும். 3 மில்லிமீட்டர் கனம்னா ஒரு கிலோவுல வந்துடும், 4 மில்லிமீட்டருக்கு போனா பத்தாது. ரெண்டாவது டப்பா சாவிக்கும் அடியில சுத்துற பட்டைக்கும். அதோட கிழிஞ்சா மறுபடி உருட்டணும்ல, நம்ம கை ராசி உங்களுக்கு தெரியாததா.

ஆங், சாவி. வியாழக்கிழமை ராத்திரியே செஞ்சுட்டேன், ஃபாண்டண்ட் அரை கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் சிஎம்சி பவுடர் போட்டு பெசஞ்சா கெட்டியா காயும். காயும்னு சொல்றது வெள்ளக்காரன் ஊருக்கு. நம்ம ஈரக் காத்துல மூணு நாள் வச்சாலும் நாக்கு மாதிரி வளையும். அதுக்கு நான் ஒன்னு செய்வேன், ஓவன போடாம உள்ள இருக்குற லைட்ட மட்டும் போட்டு ராத்திரி பூரா உள்ள வச்சிடுவேன், லேசான சூடு, காலையில டக்கு டக்குன்னு தட்டலாம். கதவுல பேப்பர் ஒட்டுங்க "தொறக்காதே"ன்னு, போன தடவ அம்மா மீன் பொறிச்சத சூடு பண்ண ஓவன போட்டுட்டாங்க, நட்சத்திரம் ஏழும் குழம்பாயிடுச்சு. தங்கப் பவுடர் பத்தியும் சொல்லிடுறேன், டப்பாவுல "நொன் டாக்சிக்"னு மட்டும் போட்டிருந்தா அது சாப்பிடறதுக்கு இல்ல, அலங்காரத்துக்கு மட்டும். திங்கலாம்னு தனியா போட்டிருக்கணும். இத சொல்லாம விக்கிற கடைகள கண்டாலே எனக்கு எரியும்.

நேவி கலரும் அன்னிக்கே கலந்துட்டேன். ஜெல் கலர்தான், தண்ணி மாதிரி இருக்குற கலர ஊத்தாதீங்க, மாவு கொழகொழன்னு ஆயிடும். ராயல் ப்ளூ, கொஞ்சூண்டு கருப்பு. பெசையும்போது வானத்து நீலமாத்தான் இருக்கும், பதறிப்போயி இன்னும் இன்னும் ஊத்தக் கூடாது, சுத்திக் கட்டி ராத்திரி வச்சா காலையில ரெண்டு படி கருத்திருக்கும். கையுறை போடுங்க. நான் போடல, பாருங்க, நகமெல்லாம் இன்னும் ஓட்டுப் போட்ட மாதிரி.

வெள்ளிக்கிழமைதான் போர். வீட்டுல ஏர்கோன் ஒன்னுதான், தம்பி ரூம்ல. அவன வெரட்டிட்டு மேசைய உள்ள தள்ளிட்டேன். அவன் கீபோர்ட்ல ஐசிங் சீனி விழுந்துச்சாம், விழட்டும். கரு நீலத்துக்கு மட்டும் சோளமாவு தூவி உருட்டாதீங்க, வெள்ளத் தேமல் மாதிரி நிக்கும், மேசையில லேசா ஷார்ட்டனிங், அதான் கெட்டிக் கொழுப்பு, தடவுங்க. உருட்டுனேன், அம்மாவோட சப்பாத்திக் கட்டைதான், அது சின்னது, முனை கோடு போடும், அதனால திருப்பித் திருப்பி உருட்டணும். கட்டையில சுருட்டித் தூக்கி கேக்கு மேல போட்டேன்.

இருங்க இருங்க, அடியில என்னன்னு சொல்லாம மேல போட்டுட்டேன். கனாஷ். டார்க் சாக்லேட் ரெண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. வெள்ள சாக்லேட்னா மூணுக்கு ஒன்னு, நம்ம சூட்டுக்கு அதுக்கு மேலயும் போடலாம். அது கல்லு மாதிரி நிக்கும், ஓரம் கத்தி மாதிரி வரும், மேல ஒட்டுறதுக்கு தண்ணிய லேசா தொட்டு தடவுனா போதும். உள்ள ஃபில்லிங்கும் கனாஷ்தான், பழம், ஃப்ரெஷ் கிரீம் எல்லாம் வைக்கல, ஏன்னா இந்தக் கேக்க நான் பிரிட்ஜ்ல வைக்க மாட்டேன். மயில் கேக் ஞாபகம் இருக்கா? பிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய வச்ச பத்து நிமிஷத்துல வேர்த்து, நீலம் பச்சையில ஒழுகி, மயில் கண்ணுல கோடு கோடா, அழுத மாதிரி. சீனி ஈரத்த இழுக்கும், குளுந்த கேக்கு மேல நம்ம காத்து பட்டா தண்ணி கோத்துக்கும். அப்படியே வேர்த்துச்சுன்னா தொடாதீங்க, காத்தாடிக்கு நேரா வச்சிட்டு நகந்துடுங்க, காஞ்சிடும். பிரிட்ஜ்ல வச்சே ஆகணும்னா அட்டைப் பெட்டியில மூடி வைங்க, எடுத்தும் பெட்டியத் தொறக்காம சூடு வர்ற வரைக்கும் விடுங்க.

எங்க விட்டேன்? ஆங், மேல போட்டேன். மேல் ஓரத்த முதல்ல அமுக்கணும், அதுதான் கிழியிற எடம். அப்புறம் பாவாடை மடிப்ப பிரிக்கிற மாதிரி ஒரு கையால விரிச்சுக்கிட்டே இன்னொரு கையால கீழ தடவி எறங்கணும். மக்களே, ஒரு மடிப்பு இல்ல. ஒன்னு கூட இல்ல! ஒரே ஒரு காத்துக் குமிழி, குண்டூசியால குத்தி தடவிட்டேன், தம்பிய கூப்புட்டு தேடச் சொன்னேன், கண்டுபுடிக்க முடியல. நான் தனியா பத்து நிமிஷம் அத சுத்திச் சுத்தி வந்தேன். வீடியோ எடுக்க மறந்துட்டேன்! போட்டோ மட்டும்தான், அதுலயும் தம்பி துண்டு தெரியுது. அப்புறம் துணிக்கு ஆவி புடிக்கிற சாமானால தூரத்துலேர்ந்து லேசா ஒரு ஆவி, பளபளன்னு வந்துச்சு, காயிற வரைக்கும் யாரையும் கிட்ட விடல.

சனிக்கிழமை டெலிவரி, கேக்கு எப்பவும் சீட்டுல இல்ல, முன்னாடி கால் வைக்கிற எடத்துல, ஏர்கோன் முழுசா. நான் குளுருல நடுங்கிக்கிட்டே ஓட்டுனேன். தேவான்ல அந்தப் பாட்டிய தேடிப் போயி டப்பா லேபல போன்ல காட்டி ஒவ்வொன்னா படிச்சு சொன்னேன், செம்பனை எண்ணெய், பிசின், ஈ471 செடிதான் பாட்டி, எல்லாம். நல்லாக் கேட்டுக்கிட்டாங்க. "நல்ல புள்ள"ன்னு கன்னத்த கிள்ளுனாங்க. வெட்டி ஒரு துண்டு தட்டுல கொடுத்தாங்க அவங்களுக்கு. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். பாட்டி அந்த நீலத் தோல அப்படியே ஒரே இழுப்புல உரிச்சி, தட்டு ஓரத்துல வச்சிட்டு, உள்ள இருக்குற கேக்க மட்டும் சாப்புட்டாங்க. "பல்லுல ஒட்டுது ஆயி"ங்குறாங்க.

4 வெள்ளி 60 காசு லா, அந்தத் தட்டு ஓரத்துல.

சரி, மழை விட்டுடுச்சு, துணி எடுக்கணும். அந்தப் பிளாஸ்திக் ரெண்டு கிலோ இன்னும் அலமாரியிலதான் இருக்கு, விக்கிற கேக்குல போட மாட்டேன், அத வச்சி ரோஜாப் பூ பழகிப் பாக்குறேன், அடுத்த வீடியோ அதுதான்.